கிளைம் போடும் முன் உங்களுடையது எந்த வகை என்று பாருங்கள்

இன்சூரன்ஸ் பணம் கைக்கு வருமா வராதா என்பது பல நேரம் முதல் இரண்டு நாளிலேயே முடிவாகிவிடுகிறது. யாருக்குத் தகவல் சொன்னோம், முதல் தாளில் என்ன எழுதப்பட்டது, எதில் கை வைக்காமல் இருந்தோம், இதெல்லாம்தான் கணக்கு. அப்புறம் எவ்வளவு அலைந்தாலும் அந்த முதல் தாளை மாற்றுவது கஷ்டம். மருத்துவக் கிளைமுக்கு அந்தத் தாள் மருத்துவமனையில் எழுதப்படுகிறது, வண்டி திருட்டுப் போனால் காவல் நிலையத்தில், வெள்ளத்தில் கார் மாட்டினால் உங்கள் ஃபோன் கேமராவில். அதனால் வகை தெரியாமல் எந்த நம்பருக்கு ஃபோன் போட்டும் பயனில்லை. சொந்தக்காரர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் கிளைம் ஃபாரம் நிரப்பிக் கொடுத்துப் பழகியதில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். எல்லா வகையையும் ஒரே அளவில் சொல்லப் போவதில்லை, மக்கள் அதிகம் சிக்கிக்கொள்ளும் இடங்களில் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

மருத்துவமனையில் கேஷ்லெஸ்

மருத்துவக் காப்பீட்டில் இரண்டு வழி. ஒன்று கேஷ்லெஸ், அதாவது நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகக் கட்டிவிடும். இன்னொன்று ரீஇம்பர்ஸ்மென்ட், நாம் கட்டிவிட்டு பில்லைக் கொடுத்துத் திரும்ப வாங்குவது.

கேஷ்லெஸ்ஸுக்கு மருத்துவமனையின் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் பாலிசி கார்டையும் ஆதாரையும் கொடுத்தால் அவர்கள் முன் அனுமதி ஃபாரத்தை நிறுவனத்துக்கோ, அதற்காகக் கிளைம் வேலையைப் பார்க்கும் டிபிஏ என்ற இடைநிலை நிறுவனத்துக்கோ அனுப்புவார்கள். 2024 மே மாதம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ போட்ட உத்தரவுப்படி முன் அனுமதிக் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜ் அன்று இறுதி அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும். மூன்று மணி நேரத்தைத் தாண்டி அதனால் மருத்துவமனை கூடுதலாக எதையாவது கேட்டால் அந்தத் தொகை நிறுவனத்தின் தலையில்தான் விழும். காலையில் டிஸ்சார்ஜ் என்று சொல்லிவிட்டு இரவு வரை உட்காரவைக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொண்டு, இறுதி பில் எத்தனை மணிக்கு அனுப்பப்பட்டது என்று டெஸ்க்கில் கேளுங்கள். பல நேரம் தாமதம் நிறுவனத்தில் இருக்காது, மருத்துவமனை பில்லையே அனுப்பியிருக்காது.

இப்போது முக்கியமான இடம். அட்மிஷன் ஆகும்போது டியூட்டி டாக்டர் வந்து, "சுகர் எத்தனை வருஷமா இருக்கு?" என்று கேட்பார். பக்கத்தில் நிற்கும் மனைவியோ மகனோ பதற்றத்தில், "அது ஒரு நாலஞ்சு வருஷமா இருக்கும் டாக்டர்" என்று சொல்லிவிடுவார்கள். உண்மையில் சுகர் கண்டுபிடித்து இரண்டு வருடம்தான் ஆகியிருக்கும், பாலிசி எடுத்து மூன்று வருடம் ஆகியிருக்கும். கேஸ் ஷீட்டில் ஐந்து வருடம் என்று ஏறிவிட்டால், பாலிசி எடுக்கும்போதே இருந்த நோயை மறைத்துவிட்டீர்கள் என்று நிறுவனம் கேள்வி கேட்கும், அந்த ஒரு வரியால் மொத்தக் கிளைமும் நிற்கும். இப்படி நின்றுபோனதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சுகர் முதன்முதலில் தெரிந்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டும் முதல் மருந்துச் சீட்டும் வீட்டு ஃபைலில் இருக்கட்டும். தெரிந்த தேதியைச் சரியாகச் சொல்லுங்கள், தெரியாவிட்டால் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். தவறாக எழுதப்பட்டுவிட்டால் டிஸ்சார்ஜுக்கு முன்பே அந்த ரிப்போர்ட்டைக் காட்டிச் சிகிச்சை தரும் மருத்துவரிடம் திருத்தக் கடிதம் வாங்குங்கள், வீட்டுக்குப் போன பிறகு கேட்டால் நூறு கேள்வி வரும். அதே நேரம் இருந்த நோயை இல்லை என்று சொல்லச் சொல்லும் ஏஜென்ட் யாராக இருந்தாலும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். முன்பே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் இப்போது அதிகபட்சம் மூன்று வருடம்தான், ஒழுங்காகச் சொல்லிவிட்டு அதைக் கடந்துவிட்டால் போதும். பாலிசி விடாமல் 60 மாதம் ஓடிவிட்டால் மோசடி நிரூபிக்கப்பட்டால் ஒழிய, தகவல் சொல்லவில்லை என்ற காரணத்தைக் காட்டிக் கிளைமை மறுக்க முடியாது.

அடுத்தது ரூம் வாடகை. உங்கள் பாலிசியில் ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் ரூம் என்று வரம்பு இருந்து, நீங்கள் 8,000 ரூபாய் ரூமில் நான்கு நாள் இருந்தீர்கள் என்று வையுங்கள். வித்தியாசம் 12,000 தானே, அதை நாமே கட்டிவிடலாம் என்று தோன்றும். அப்படி இல்லை. டாக்டர் கட்டணம், அறுவை அரங்கு, நர்சிங் எல்லாம் ரூமை வைத்து ஏறுவதால் அவற்றிலும் எட்டில் ஐந்து பங்கு என்ற அதே விகிதத்தில்தான் தருவார்கள், மீதியை வெட்டுவார்கள். அந்தக் கட்டணங்கள் 1,20,000 ரூபாய் என்றால் கிடைப்பது 75,000. ஆக மொத்தம் 57,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும். மருந்து, ஸ்டென்ட் மாதிரியான உள்வைப்புப் பொருள், பரிசோதனைக் கட்டணம் ஆகியவற்றை இப்படி விகிதம் போட்டு வெட்டக் கூடாது என்று விதி இருக்கிறது, பில் வந்ததும் அதைச் சரிபாருங்கள். ரூம் எடுக்கும் முன் டெஸ்க்கில், "என் பாலிசிக்கு எந்த ரூம் வரை வரும்?" என்று ஒரு கேள்வி கேட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை.

கையுறை, மாஸ்க், அட்மிஷன் கட்டணம் போன்றவற்றைப் பொதுவாகத் தர மாட்டார்கள், அதற்குத் தனியாகச் சேர்ப்பு (கூடுதல் பணம் கட்டி எடுக்கும் ஆட்-ஆன்) எடுத்திருந்தால் ஒழிய. வெறும் பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆனாலும் மறுப்பார்கள், அதனால் ஏன் படுக்கையில் வைத்துச் சிகிச்சை தேவைப்பட்டது என்பது டிஸ்சார்ஜ் சம்மரியில் தெளிவாக இருக்க வேண்டும்.

கேஷ்லெஸ் மறுக்கப்பட்டது என்ற மெசேஜ் வந்தால் பலர் கிளைமே போய்விட்டது என்று விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். அந்த நேரத்தில் கையிலிருந்த காகிதத்தை வைத்து அவர்களால் முடிவெடுக்க முடியவில்லை என்பதே பல சமயம் அதன் பொருள். பணத்தைக் கட்டிவிட்டு முழு ஆவணங்களோடு ரீஇம்பர்ஸ்மென்ட் போடலாம், போட வேண்டும்.

ரீஇம்பர்ஸ்மென்ட்

ஃபாரத்தில் இரண்டு பகுதி இருக்கும். ஏ பகுதி நீங்கள் நிரப்புவது, பி பகுதி மருத்துவமனை நிரப்பி சீல் வைத்துத் தருவது. பி பகுதியை மறந்துவிட்டு ஊருக்குப் போய்விட்டால் அதற்காகவே ஒரு முறை திரும்ப வர வேண்டியிருக்கும். டிஸ்சார்ஜ் அன்றே கையில் வாங்க வேண்டியவை: டிஸ்சார்ஜ் சம்மரி, இறுதி பில், அதன் விவரமான பிரிப்பு, பணம் கட்டிய ரசீது, எல்லா ரிப்போர்ட்டும், மருந்து பில்லும் அதற்குரிய மருந்துச் சீட்டும், ஸ்டென்டோ லென்ஸோ வைத்திருந்தால் அதன் ஸ்டிக்கர், விபத்து என்றால் எம்எல்சி (போலீஸுக்காக மருத்துவமனை எழுதும் பதிவு) அல்லது எஃப்ஐஆர் நகல். இந்த ஸ்டிக்கர் ஒன்றுக்காகவே வாரக்கணக்கில் கிளைம் நிற்பதுண்டு, கேஸ் ஷீட்டில் ஒட்டியிருப்பதை நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினல் கொடுக்கும் முன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்குங்கள்.

எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும், உங்கள் பாலிசித் தாளைப் பாருங்கள். சேர்வதற்கு முன் 30 அல்லது 60 நாள், வந்த பிறகு 60 அல்லது 90 நாள் வரை ஆகும் டாக்டர் ஃபீஸ், மருந்து, டெஸ்ட் எல்லாம் அதே நோய்க்கானது என்றால் கேட்கலாம். கேஷ்லெஸ்ஸில் போனவர்கள்கூட இதைக் கேட்கலாம் என்பது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் வாங்கிய மருந்துக்கு வர வேண்டிய பணத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

கம்பெனியில் கொடுத்த குரூப் பாலிசியும் சொந்தமாக ஒரு பாலிசியும் இருந்தால், முதலில் கம்பெனிப் பாலிசியில் போட்டு, அங்கே கொடுத்த தொகைக்கான செட்டில்மென்ட் கடிதத்தோடும் சான்றளித்த நகல்களோடும் மீதியை இன்னொன்றில் கேட்கலாம். இதில் தவறு எதுவும் இல்லை, ஒரே ரூபாயை இரண்டு இடத்தில் கேட்பதுதான் கூடாது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இதிலிருந்து வேறு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும் பணமில்லாச் சிகிச்சை அது. திட்டத்தில் சேர்ந்திருக்கும் மருத்துவமனைக்குப் போய், சிகிச்சைக்கு முன்பே கார்டைக் காட்டி அனுமதி வாங்க வேண்டும். வேறு எங்கோ கடன் வாங்கிக் கட்டிவிட்டுப் பிறகு பில்லோடு போய்க் கேட்கும் ஏற்பாடாக அதை நினைக்க வேண்டாம்.

வண்டி: சொந்தச் சேதம்

வண்டியில் அடிபட்டால் முதலில் ஒரு கணக்குப் போடுங்கள், கிளைம் போடுவது லாபமா என்று. நாலரை வருடக் கார், பம்பர் உடைந்துவிட்டது, மாற்ற 12,000 ரூபாய். பம்பர்-டு-பம்பர் என்று சொல்லும், தேய்மானம் கழிக்காமல் தரும் ஜீரோ டெப் சேர்ப்பு இல்லை. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானம் 50 சதவீதம், ஆக 6,000. கட்டாயமாக நம் கையிலிருந்து போவது 1,500 சிசி வரையான காருக்கு 1,000. கிடைப்பது 5,000. இப்போது உங்கள் நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் போடாததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, 45 சதவீதம், கிளைம் போடாமல் இருந்தால் அடுத்த ரென்யூவலில் 50 ஆகும். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 8,000 என்றால், கிளைம் போட்டதும் அடுத்த ஆண்டு 4,000 போச்சு, அதற்கடுத்த ஆண்டு 20 சதவீதத்திலிருந்து மறுபடி தொடங்குவதால் இன்னும் 2,400 போச்சு. 5,000 வாங்கி 6,400 இழந்திருக்கிறீர்கள். சின்னக் கீறலுக்கும் கிளைம் போடலாம் சார் என்று சர்வீஸ் சென்டரில் சொல்வார்கள். இந்தக் கணக்கை அங்கேயே நின்று போட்டுப் பாருங்கள்.

பெரிய சேதம் என்றால் வண்டியை நகர்த்தும் முன் நாலு பக்கமும் ஃபோட்டோ, நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி ஒரு வீடியோ, உடனே நிறுவனத்துக்குத் தகவல். சர்வேயர் பார்க்கும் முன் பிரிக்கவோ ரிப்பேர் செய்யவோ கூடாது. 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் 15 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும், அறிக்கை வந்து 7 நாளுக்குள் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். ரிப்பேர் செலவு ஐடிவியில், அதாவது பாலிசியில் குறித்திருக்கும் வண்டி மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாக எடுத்துக்கொள்வார்கள். ஓட்டியவரின் லைசென்ஸ் காலாவதியாகியிருந்தாலோ, சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு ஓட்டியிருந்தாலோ சிக்கல்தான்.

சென்னைக்காரர்களுக்கு இது தனியாக. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் எத்தனையோ கார்கள் தரைத்தளப் பார்க்கிங்கில் மூழ்கின. வெள்ளச் சேதம், சொந்தச் சேதத்தையும் சேர்த்து எடுக்கும் சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியிலேயே வரும். ஆனால் தண்ணீர் வடிந்ததும், ஓடுகிறதா பார்ப்போம் என்று சாவியைத் திருகினால் இன்ஜினுக்குள் புகுந்த தண்ணீரைப் பிஸ்டன் அழுத்தப் பார்க்கும், தண்ணீர் அழுந்தாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இது வெள்ளத்தால் வந்த சேதம் கிடையாது, நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்தது என்று நிறுவனம் சொல்லும், இன்ஜின் புரொடெக்ட் சேர்ப்பு இல்லையென்றால் இன்ஜின் செலவு முழுக்க உங்களுடையது. அது லட்சத்தைத் தாண்டலாம். எனவே சாவியைத் தொடாதீர்கள், முடிந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், கதவில் தண்ணீர் நின்ற கோட்டை ஃபோட்டோ எடுங்கள், டோ செய்து கொண்டுபோங்கள். வீட்டில் யார் கையில் சாவி இருந்தாலும் அவர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

வண்டி திருடு போனால்

அன்றைக்கே காவல் நிலையத்தில் எஃப்ஐஆர், அன்றைக்கே நிறுவனத்துக்கு ஃபோனும் ஈமெயிலும், ஆர்டிஓவுக்கும் ஒரு கடிதம். புகார் வாங்கியதற்கான சிஎஸ்ஆர் ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினால் அதோடு நிற்காமல் எஃப்ஐஆர் வரை கேட்டு வாங்குங்கள். இரண்டு சாவியையும் கேட்பார்கள். வண்டி கிடைக்கவில்லை என்று போலீஸ் தரும் சான்று வர மாதக்கணக்கில் ஆகும், அது இல்லாமல் பணம் வராது, அதனால் நிலையத்தில் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். லோன் இருந்தால் பணம் முதலில் பைனான்ஸுக்குப் போகும். போலீஸில் உடனே புகார் கொடுத்திருந்தால், நிறுவனத்துக்குத் தகவல் சொல்லத் தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காக மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. சாவியை வண்டியிலேயே விட்டிருந்தால் கவனக்குறைவு என்பார்கள், அந்த மாதிரி வழக்குகளிலும் மொத்தமாக மறுக்காமல் 75 சதவீதம் தரச் சொன்ன தீர்ப்புகள் உண்டு.

மூன்றாம் தரப்பு: அடிபட்டவர் கேட்கும் கிளைம்

இதில் பாலிசி நம்முடையது கிடையாது, இடித்த வண்டியுடையது. கிளைமும் நிறுவனத்தின் ஃபாரத்தில் போடுவதில்லை, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுவாகப் போட வேண்டும். விபத்து நடந்த இடத்திலோ, நீங்கள் குடியிருக்கும் இடத்திலோ, எதிராளி இருக்கும் இடத்திலோ போடலாம். 2019 திருத்தச் சட்டம் விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் என்கிறது, அதனால் துக்கம் ஆறட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

எனக்கு ரொம்ப வருத்தம் தருவது இந்த வகைதான். சம்பாதிக்கும் ஆள் போய்விட்ட வீட்டுக்கு யாராவது வந்து, "கேஸெல்லாம் வருஷக்கணக்கா இழுக்கும்மா, ரெண்டு லட்சம் வாங்கித் தர்றேன், கையெழுத்துப் போடுங்க" என்பார். நீதிமன்றம் எப்படிக் கணக்குப் போடும் என்று பாருங்கள். 35 வயது, சொந்தத் தொழில், மாதம் 20,000 வருமானம், மனைவி, இரண்டு குழந்தை, அம்மா என்று நாலு பேர் அவரை நம்பி. 40 வயதுக்குக் கீழ் சொந்தத் தொழில் செய்பவருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்கிறது பிரணய் சேத்தி வழக்கில் 2017இல் வந்த தீர்ப்பு, ஆக மாதம் 28,000, வருடம் 3,36,000. அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 2,52,000. சரளா வர்மா வழக்கின் 2009 தீர்ப்புப்படி 31 முதல் 35 வயதுக்குப் பெருக்கும் எண் 16. மொத்தம் 40,32,000 ரூபாய், இதற்கு மேல் ஈமச் செலவு போன்றவை தனி. வருமானத்தை நிரூபிக்க வேண்டும், விபத்தில் இறந்தவர் பக்கமும் தவறு இருந்தால் குறையும், அது உண்மைதான். ஆனாலும் அந்த இரண்டு லட்சத்தை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். யாராவது தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாமல், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அங்கே இலவசமாக வழிகாட்டுவார்கள்.

இடித்த வண்டி எது என்றே தெரியாவிட்டாலும் அரசுத் திட்டத்தில் உயிரிழப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் உண்டு. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட திட்டப்படி, சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் ஏழு நாளுக்கு 1.5 லட்சம் வரை பணமில்லாச் சிகிச்சையும் உண்டு. ஓட்டிய உரிமையாளரே இறந்துவிட்டால் மூன்றாம் தரப்புக் கிளைம் வராது, அவருடைய பாலிசியில் இருக்கும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பைத்தான் கேட்க வேண்டும். பாலிசித் தாளில் அந்த வரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

ஆயுள் காப்பீடு

முதிர்வுத் தொகை வாங்குவது சுலபம், பாலிசிப் பத்திரம், பணம் பெற்றுக்கொள்வதாகக் கையெழுத்திடும் டிஸ்சார்ஜ் ஃபாரம், வங்கி விவரம் கொடுத்தால் போதும். இறப்புக் கிளைம்தான் கவனமாகச் செய்ய வேண்டியது. இறப்புச் சான்றிதழ், ஒரிஜினல் பாலிசி, நாமினியின் அடையாளமும் வங்கி விவரமும், கிளைம் ஃபாரம். எல்ஐசியில் அந்த ஃபாரத்தின் எண் 3783. விபத்து என்றால் எஃப்ஐஆரும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும். சான்றிதழில் இருக்கும் பெயரும் பாலிசியில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால் பதிவு செய்யும்போதே கேட்டுச் சரியாக எழுதச் சொல்லுங்கள்.

பாலிசி எடுத்து மூன்று வருடத்துக்குள் இறந்தால் விசாரணை வரும், வீட்டுக்கு ஆள் வருவார்கள், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள், பயப்பட வேண்டாம். நடந்ததைச் சொல்லுங்கள், வெற்றுத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். விசாரணை தேவையில்லாத கிளைமை 15 நாளிலும், விசாரணை தேவைப்பட்டால் 45 நாளிலும் முடிக்க வேண்டும். மூன்று வருடம் தாண்டிய பாலிசியை, காப்பீட்டுச் சட்டம் 45ஆம் பிரிவின்படி, பழைய தகவல் தவறு என்று எந்தக் காரணம் காட்டியும் கேள்வி கேட்க முடியாது.

நாமினி முன்பே இறந்துவிட்டால் வாரிசுச் சான்றிதழ் வேண்டும், சில நேரம் நீதிமன்ற வாரிசுரிமைச் சான்றும் கேட்பார்கள். இதற்கே பல மாதம் போகும், நாமினியை மாற்றுவதற்கோ ஒரு ஃபாரம் போதும்.

பாலிசியே இல்லை என்று நினைக்கும் வீடுகளில் நான் முதலில் கேட்பது இறந்தவரின் வங்கிப் பாஸ்புக்கை. அதில் மே, ஜூன் பக்கங்களில் 436 ரூபாய் என்று ஒரு பிடித்தம் இருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி பீமா, எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். சேர்ந்து முதல் 30 நாளுக்குள் இறந்திருந்தால் மட்டும் விபத்துக்குத்தான் கிடைக்கும். 20 ரூபாய் பிடித்தம் இருந்தால் சுரக்ஷா பீமா, விபத்தில் இறந்தால் 2 லட்சம். இரண்டுக்கும் வங்கிக் கிளையில்தான் ஃபாரம் கொடுக்க வேண்டும். பாம்பு கடித்து இறப்பதும் மரத்திலிருந்து விழுந்து இறப்பதும் விபத்துதான், அவற்றுக்கு எஃப்ஐஆர் இல்லாவிட்டாலும் உடனே கொண்டுபோன மருத்துவமனையின் பதிவு இருந்தால் ஏற்பார்கள். ஊரில் பாம்புக்கடி என்றால் வீட்டிலேயே வைத்தியம் பார்த்து அடக்கம் செய்துவிடுகிறார்கள். உயிரைக் காப்பாற்றுவதற்காகவே உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பது ஒரு பக்கம், அந்தப் பதிவு இல்லையென்றால் குடும்பத்துக்குக் கிளைமும் கிடையாது என்பது இன்னொரு பக்கம்.

இறந்தவர் பிஎஃப் பிடிக்கும் வேலையில் இருந்திருந்தால் இடிஎல்ஐ என்று ஒரு காப்பீடு தானாகவே இருக்கும், அதிகபட்சம் 7 லட்சம். பிஎஃப் பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு இதைக் கேட்காமல் விட்டவர்கள் உண்டு. ஃபாரம் 5 ஐஎஃப் என்று கேளுங்கள்.

கடையும் வீடும்

இங்கே தெரிய வேண்டியது ஒன்றுதான். கடையில் 20 லட்ச ரூபாய்ச் சரக்கு, பிரீமியம் குறையட்டும் என்று 10 லட்சத்துக்கு மட்டும் பாலிசி. தீப்பிடித்து 4 லட்சம் சேதம். பத்து லட்சத்துக்குத்தான் பாலிசி இருக்கிறதே, நாலு லட்சம் முழுசாக வரும் என்று எதிர்பார்ப்பீர்கள், வருவது 2 லட்சம். பாதி மதிப்புக்குத்தான் காப்பீடு, எனவே பாதிச் சேதம்தான். வீடுகளுக்கு 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் இந்த வெட்டு இல்லை. கடைக்காரர்கள் சரக்குக் கணக்கையும் ஜிஎஸ்டி பில்களையும் கடைக்கு வெளியேயும் ஒரு பிரதி வைத்திருங்கள், கடையோடு சேர்ந்து கணக்கும் எரிந்துவிட்டால் சர்வேயரிடம் எதைக் காட்டுவீர்கள்?

பயிர்

பிரதமரின் பயிர்க் காப்பீட்டில் இரண்டு விதமாக இழப்பைக் கணக்கிடுகிறார்கள். ஒன்று, ஒரு பகுதியில் பயிர் அறுவடைப் பரிசோதனை செய்து சராசரி விளைச்சல் குறைந்திருந்தால் அங்கே காப்பீடு செய்த எல்லோருக்கும் பணம். இதற்குத் தனி மனு தேவையில்லை, உங்கள் வயல் மட்டும் மோசமாகி ஊர்ச் சராசரி நன்றாக இருந்தால் பணமும் வராது. இன்னொன்று, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போல உங்கள் வயலுக்கு மட்டும் வந்த சேதம், அறுத்துப் போட்ட கதிர் 14 நாளுக்குள் புயல் மழையில் நனைவது. இதற்கு 72 மணி நேரத்துக்குள் நீங்கள்தான் தகவல் சொல்ல வேண்டும், 14447 என்ற எண்ணிலோ ஆப்பிலோ வங்கியிலோ வேளாண் அலுவலகத்திலோ. வேளாண் அதிகாரி வந்து பார்க்கட்டும் என்று காத்திருந்தால் அந்த மூன்று நாள் போய்விடும். அடங்கலில் இருக்கும் சர்வே எண்ணும் பயிரும் காப்பீட்டு ரசீதில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பிரீமியம் கட்டும் அன்றே பாருங்கள்.

மறுத்துவிட்டால்

முதலில் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள், பாலிசியின் எந்த விதிப்படி என்று அதில் இருக்க வேண்டும். மருத்துவக் கிளைமை நிறுவனத்தின் கிளைம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் மறுக்கக் கூடாது, அதையும் கேளுங்கள். பிறகு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகாரைப் பதியலாம்.

நிறுவனத்துக்கு எழுதி ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால், இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்து உத்தரவு போடும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்குச் சென்னை அண்ணா சாலையில், தேனாம்பேட்டையில் அலுவலகம் இருக்கிறது. 50 லட்சம் வரையான கிளைமை எடுப்பார்கள், கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், நாமே பேசலாம். மறுப்பு வந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும், அதே விஷயம் நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ இருக்கக் கூடாது. மனுவில் கோபத்தைக் கொட்டாமல் தேதி வாரியாக எழுதுங்கள்: பாலிசி எடுத்த நாள், அட்மிட் ஆன நாள், கிளைம் கொடுத்த நாள், அவர்கள் சொன்ன காரணம், அது ஏன் தவறு என்று காட்டும் தாள். சுகர் உதாரணத்தில் அந்தத் தாள் முதல் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், கார் உதாரணத்தில் டோ செய்த ரசீது. ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. உங்களுக்குச் சாதகமாக உத்தரவு வந்தால் நிறுவனம் 30 நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும். உத்தரவு சரியில்லை என்று தோன்றினால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், அங்கே பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம், ஆம்புட்ஸ்மேனிடம் இருந்த காலத்தையும் மனதில் வைத்து அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.